எழுத முடியாத கூப்பன வச்சு முகமா பாக்கறது?

17 பேனா. இன்னிக்கு ஒரே நாள்ல 17 பேனா மாத்திட்டேன், ஒண்ணுலயும் எழுத்து நிக்கல, நிக்கவும் நிக்காது, ஏன்னா நம்ம பிரிண்டிங் அண்ணன் என் தீபாவளி லக்கி டிரா கூப்பனுக்கு யூவி கோட்டிங்னு பளபளன்னு ஒரு பூச்சு போட்டு வச்சிருக்காரு. ரெண்டு பக்கமும்! பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், போன் நம்பர்னு பின்னாடி மூணு கோடு போட்டிருக்கே, அது எதுக்குன்னு நினைச்சாரு, கோலம் போடவா?

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நம்ம கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா. என் சேலைக்கடை கூடாரத்துக்குள்ள மூச்சு விட இடமில்ல. அந்த நேரத்துல ஒரு பாட்டி, சேலை வாங்கிட்டு, மூக்குக் கண்ணாடிய மாட்டி, பேர எழுத ஆரம்பிச்சாங்க. வரல. பேனாவ உதறினாங்க. வரல. என் பில் புக்குல கிறுக்கிப் பாத்தாங்க, ஜம்முனு வருது. திரும்ப கூப்பன், வரல. பேனா முனைய வாயால ஊதினாங்க, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டினாங்க, முந்தானையால கூப்பன தொடச்சாங்க, அது இன்னும் பளபளன்னு ஆச்சு. பின்னாடி வரிசை ரோட்டு வரைக்கும் போயிருச்சு. யாரோ ஒரு அண்ணன் 'ஜெல் பேனா குடுத்துப் பாருங்க'ன்னாரு. எழுதுச்சுங்க! பாட்டி சந்தோஷத்துல போன் நம்பர் வரைக்கும் முடிச்சிட்டு கைய எடுத்தாங்க பாருங்க, பேரு ஊரு எல்லாம் அவங்க கையில, கூப்பன்ல ஒரு நீல மேகம் மட்டும் மிச்சம். என்னை நிமிர்ந்து பாத்தாங்க. "கண்ணு, பரிசு குடுக்க இஷ்டமில்லன்னா சொல்லிரு லா, கிழவிய இப்படி போட்டு வதைக்காத."

பிரிண்டிங் அண்ணனுக்கு போன் அடிச்சா, "அக்கா, நீங்கதான பளபளன்னு வேணும்னீங்க?"

சொன்னேன்தான். கிளாஸ் லேமினேஷனா, மேட்டா, தண்ணி பேஸ் கோட்டிங்கா, யூவியான்னு சாப்பாட்டுக்கடையில டீக்கு பால் இல்லாத தே ஓ வா, பால் ஊத்தின தே சி யான்னு கேக்கற வேகத்துல கேட்டா நான் என்னத்த சொல்லுவேன், நான் சேலை விக்கறவ. யூவிங்கறது திரவமா பூசி புற ஊதா விளக்குக்கு அடியில ஓட்டினா கண் சிமிட்டறதுக்குள்ள பிளாஸ்டிக் மாதிரி இறுகிரும், மை உள்ள இறங்க வழியே கிடையாது, சாப், அதான் முத்திரை, குத்தினா காயாது, பசை போட்டா ஒட்டாது. இதெல்லாம் நான் இன்னிக்கு போன்ல கத்தி கத்தி தெரிஞ்சுக்கிட்டது. 20 வருஷமா மெஷின் ஓட்டற மனுசனுக்கு முன்னாடியே தெரியணுமா வேணாமா? மூணு கோட்ட பாத்ததும், அக்கா பின்பக்கம் சும்மா விட்டுருவோம்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். போன வருஷ மடிப்பு கார்டும் இவர் கைவரிசைதான், கருஞ்சிவப்புல அடிச்சு மேல யூவி பூசி மடிச்சதுல, மடிப்பெல்லாம் வெடிச்சு வெள்ளை வெள்ளையா பல்லை காட்டுச்சு. அப்பவே புத்தி வந்திருக்கணும் எனக்கு.

சரி இப்ப என்ன செய்யன்னா, "மார்க்கர்ல எழுதச் சொல்லுங்கக்கா, மார்க்கர் நிக்கும்." நிக்கும்ணே. 12 நம்பர் ஐசிய கட்டை மார்க்கர்ல ரெண்டு அங்குல கோட்டுக்குள்ள நிக்க வைங்க, நான் பாக்கறேன்.

கடைசில பள்ளிக்கூடப் பிள்ளைங்க எழுதற நோட்டு ஒண்ணு வாங்கி நானே உக்காந்து பேரு எழுதறேன். 1000 கூப்பனும் பெட்டியில மினுக்குது. அக்கா மக வந்து ஒண்ண எடுத்து தே தாரிக் டீ கிளாசுக்கு அடியில வச்சுட்டா, கொட்டிருச்சு, தொடச்சா சுத்தமா போயிருச்சு, "சித்தி, இத தட்டுன்னு வித்திரலாமே"ன்னா. சிரிக்கறதா அழறதா தெரியாம ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர சிரிச்சோம்.

கடைய சாத்திட்டு கார்கிட்ட போறேன், கண்ணாடியில பார்க்கிங் சமன், அபராதச் சீட்டு. சாயங்கால மழையில ஊறி தொவண்டு கெடக்கு, எழுத்து ஒண்ணுகூட கலையல. பத்தே நிமிஷம்ங்க லேட்டு, பத்தே நிமிஷம், எதுத்தாப்புல ரெட்டை வரிசையில லோரிய போட்டு காலையிலேர்ந்து மறிச்சவனுக்கு ஒண்ணுமில்ல!