அந்த அக்கா கேட்டது ஒரு கேள்விதான்

ஞாயிற்றுக்கிழமை மும்பை சயான் மண்டபத்தில், நல்லதை நினைத்தால் பிரபஞ்சம் அதைத் தரும் என்று சொல்லித்தரும் பயிற்சி வகுப்பில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோ நம் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டது. பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் நேற்று இரவு மட்டும் பதினோரு பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். "ஏன் பாதியில் எழுந்து போனீர்கள், அவ்வளவு பெரிய பயிற்சியாளரை அவமானப்படுத்திவிட்டீர்களே" என்று. அங்கே அவமானப்பட்டது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவமானப்பட்டது செம்பூரிலிருந்து வந்த அந்த அக்கா. வீடியோவில் அவர் கேட்ட கேள்வி வெட்டப்பட்டிருக்கிறது, பதில் மட்டும்தான் இருக்கிறது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், முழுதாகக் கேட்டேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சார், மூணு மாசமா நீங்க சொன்ன மாதிரியே காலையில உறுதிமொழி எழுதறேன். கண்ணை மூடி எங்க வீட்டுக்காரர் நல்லா நடந்து வர்ற மாதிரி பார்க்கறேன். இன்னும் வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் போய்க்கிட்டுத்தான் இருக்கோம். நான் எங்க சார் தப்பு பண்றேன்?"

அதற்குப் பயிற்சியாளர் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். உங்கள் குரலிலேயே பயம் இருக்கிறது, பயத்தை அனுப்பினால் பிரபஞ்சம் பயத்தைத்தான் திருப்பித் தரும், காரணத்தை வெளியே தேடாதீர்கள் என்றார். கூட்டம் கைதட்டியது. அக்கா "சாரி சார்" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். அந்த "சாரி"க்குத்தான் நான் எழுந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனதுக்குள் காட்சியாகப் பார்ப்பதை நான் முழுமையாக நம்புகிறேன். தினமும் செய்கிறேன். இன்று எனக்கு ஒரு வேலையும் மரியாதையும் இருக்கிறது என்றால் அதில் இந்தப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பயிற்சியாளரும் இல்லை, என் அப்பா.

அப்பா தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்றவர். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு. ஆறு மணிக்கு தேக்சா என்கிற பெரிய அலுமினியப் பாத்திரமும் சட்னி கேனும் கேரியரில் ஏறியாக வேண்டும். முந்தைய நாள் இரவு சாப்பிட்டு முடித்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைப்போம். விரல் மட்டும் தொடையில் ஒவ்வொன்றாக மடங்கும். சயான் சர்க்கிள், காலேஜ் பையன்கள், எட்டு பிளேட். கிங்ஸ் சர்க்கிள், பாலத்துக்குக் கீழே டாக்சிக்காரர்கள், பன்னிரண்டு. ஐந்து தோட்டம், நடக்க வருகிற பெரியவர்கள், அவர்களுக்குக் காரம் குறைந்த சட்னி. இந்து காலனியில் அந்த மூன்றாம் மாடி அம்மா, ஹாரன் அடித்தால்தான் கூடையை இறக்குவார். இப்படியே கடைசித் தெரு வரைக்கும் போய், காலித் தேக்சாவோடு திரும்பி வருவார். அப்புறம்தான் கண்ணைத் திறப்பார்.

மழைக்காலத்தில் கூடவே இன்னொன்றும் நடக்கும். "காந்தி மார்க்கெட்டுல தண்ணி நின்னா வடாலா பக்கம் சுத்திப் போகணும். சுத்திப் போனா காலேஜ் கூட்டம் போயிடும். அப்ப நாப்பது இட்லி குறைச்சு ஊத்து" என்று அம்மாவிடம் சொல்வார். நாளைக்குத் தண்ணீர் நிற்காது என்று நாற்பது தடவை எழுதியிருந்தால் அத்தனை இட்லியும் வீணாகியிருக்கும்.

என் அப்பா ஒருநாளும் கண்ணை மூடிப் பணத்தைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தார். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு அதையே செய்யச் சொன்னார். "மார்க் ஷீட்டப் பாக்காத, நாளைக்கு நாலரைக்கு எந்திரிச்சு எந்தப் பக்கத்துல ஆரம்பிப்பேன்னு பாரு." பிற்பாடு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1999-ல் வெளியானது. லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்தது. தேர்வுக்கு முந்தைய நாட்களில் ஒரு பகுதியினரை நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதைப் போல் தினமும் கற்பனை செய்யச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை எங்கே உட்கார்ந்து எப்படிப் படிக்கப் போகிறோம் என்று கற்பனை செய்யச் சொன்னார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்கள்தான் சீக்கிரமே படிக்க ஆரம்பித்தார்கள், கூடுதல் மதிப்பெண்ணும் வாங்கினார்கள். தொடையில் விரலை மடக்கிக் கணக்குப் போட்ட என் அப்பா இதைத்தானே செய்தார்!

அந்தப் பயிற்சியாளரும் ஞாயிற்றுக்கிழமை நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் பெயரைச் சொன்னார். வெற்றியை மனதில் பார்த்தார், எட்டுத் தங்கம் வென்றார் என்றார். சரி, ஆனால் பாதிக் கதை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை போட்டியில் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கையை எத்தனை முறை வீசுகிறோம் என்று எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். எப்படி முடிந்தது? நல்லபடியாக நீந்துவதை மட்டும் இல்லாமல், எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்பதையும் அவர் மனதில் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தார். காந்தி மார்க்கெட்டில் தண்ணீர் நின்றால் என்ன செய்வது என்கிற அதே கேள்வி. இந்தப் பாதியை ஏன் அந்த மேடையில் சொல்வதில்லை? சொன்னால் பயத்தைப் பற்றியும் பேச வேண்டி வரும். பயந்து கேள்வி கேட்ட ஒரு பெண்ணை உட்கார வைக்க முடியாது.

இப்போது எனக்கு எழுதியவர்களுக்கு வருகிறேன்.

"நல்லதை நினைப்பது தப்பா?" என்று ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? நல்லது நடக்கும் என்று நம்புவது வேறு, நடந்துவிட்டதாக நினைத்துச் சுகப்படுவது வேறு. கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைத்தான் பல வருடங்களாக ஆராய்கிறார். படிப்பு முடித்து வேலை தேடியவர்களை இரண்டு வருடம் கழித்து விசாரித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார். வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. கிடைக்கும் என்று நம்பி வேலையில் இறங்கியவர்களுக்கு நல்லபடியாகவே அமைந்தது. கற்பனையிலேயே வயிறு நிறைந்துவிட்டால் உடம்பு எழுந்து நடக்காது. அவர் சொல்லும் வழியும் எளிதானது. விருப்பத்தை நினை, உடனே அதற்கு எது தடை என்பதையும் நினை, அந்தத் தடை வந்தால் என்ன செய்வேன் என்று முடிவு செய். நம் வீட்டுப் பெண்கள் ஒரு கல்யாணத்தை நடத்துகிற விதமே அதுதானே.

"வள்ளுவரே சொல்லியிருக்கிறார்" என்று ஒருவர் 'எண்ணிய எண்ணியாங்கு எய்துப' என்கிற 666-ஆவது குறளை அனுப்பியிருக்கிறார். ஐயா, அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வினைத்திட்பம். செயலில் உறுதி. எண்ணியவர் திண்ணியராக இருந்தால்தான் எண்ணியது கிடைக்கும் என்று கடைசியில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை திரையில் போட்டபோதும் அந்தக் கடைசிச் சொற்களைத் தாண்டித்தான் போனார்கள்.

"உங்களுக்குப் பொறாமை" என்று எழுதியவருக்குப் பதில் கிடையாது.

"எனக்கு இது தன்னம்பிக்கை கொடுத்தது, நீங்கள் கெடுக்காதீர்கள்" என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறாள். இந்த ஒரு செய்தியை மட்டும் நான் நாலைந்து தடவை படித்தேன். அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் கண்ணாடி முன் நின்று நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, தங்கை. 2009-ல் ஜோஆன் வுட் என்பவர் கனடாவில் நடத்திய ஆராய்ச்சியில், தன்மேல் ஏற்கனவே மதிப்பு இருப்பவர்களுக்கு "நான் அன்புக்கு உரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்தவர்களுக்கு அதே வாக்கியம் மனநிலையை இன்னும் மோசமாக்கியது. சொல்லச் சொல்ல, 'இல்லை, நீ அப்படி இல்லை' என்று உள்ளே ஒரு குரல் பதில் சொல்லுமாம். யாருக்கு ஆறுதல் அதிகம் தேவையோ அவர்களையே அது குத்துகிறது. உனக்குக் கிடைத்த நம்பிக்கை உன்னிடமே இருக்கட்டும். அந்த அக்காவிடம் இருந்ததை ஏன் பிடுங்க வேண்டும்?

நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இந்த உறுதிமொழி முறையைப் பரப்பியவரே ஒரு மருந்துக்கடைக்காரர்தான். எமில் குயே, பிரான்சுக்காரர், 1926-ல் இறந்தார். மருந்தைக் கையில் கொடுக்கும்போது அதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் பலன் கூடுகிறது என்று கவனித்ததுதான் அவருடைய ஆரம்பம். ஒவ்வொரு நாளும் நான் தேறி வருகிறேன் என்று காலையும் இரவும் இருபது தடவை சொல்லச் சொன்னார். எண்ணிக்கைக்கு இருபது முடிச்சு போட்ட கயிறு. மருந்தோடு வந்த நல்ல வார்த்தை அது. இன்று அதை எடுத்துவந்து, குணமாகவில்லை என்றால் நீதான் காரணம் என்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறோம்.

இதற்கு மேல் எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் அண்ணனுக்கு நாக்கில் புற்றுநோய் வந்தபோது நெருங்கிய உறவினர் ஒருவர் நோட்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். தினமும் 108 தடவை "நான் பூரண நலமாக இருக்கிறேன்" என்று எழுத வேண்டும். வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொல்லக்கூடாது. நாங்களும் சொல்லவில்லை. பரேலுக்கு ரேடியேஷனுக்குப் போகிறோம் என்றுகூடச் சொல்லாமல் "வெளியே போயிட்டு வர்றோம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அண்ணன் போன பிறகு அந்த நோட்டைப் பிரித்தேன். நல்ல எழுத்து அவனுக்கு, மாட்டுங்கா பள்ளியில் பரிசு வாங்கிய எழுத்து. நாற்பதாவது பக்கத்துக்கு மேல் கோடு ஏறி இறங்கியிருந்தது. அதில்லை என்னை உலுக்கியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னதாகக் கோடுகள் போட்டிருந்தான், பால் கணக்குக்குப் போடுவது போல. முதல் நாள் மூன்று. அப்புறம் ஏழு. ஒரு பக்கத்தில் மட்டும் கோடுகளுக்கு அருகிலேயே எழுதியிருந்தான், "தப்பாக நினைத்தது" என்று. சாவைப் பற்றி நினைத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. கடைசிப் பக்கத்தில் இருந்த கோடுகளை என்னால் எண்ண முடியவில்லை.

அவ்வளவு வலியிலும் அவன் தன்மேல் குற்றக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையையாவது பிடித்துக்கொண்டிருப்போம். சொல்லக்கூடாது என்று நாங்களே சட்டம் போட்டிருந்தோமே.

2007-ல் அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஜேம்ஸ் கோய்ன் என்பவரும் அவர் குழுவினரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மனநிலை நன்றாக இருந்ததற்கும் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. வாய்ப் புற்றும் அந்த வகையில்தான் வருகிறது. இது தெரிந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. பயந்தால் பயந்துகொள் அண்ணா, அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருப்பேன்.

அதனால்தான் எழுந்து போனேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டி வந்தவர்கள் சந்தோஷமாகத்தானே போனார்கள் என்கிறீர்கள். ஒருவர் அழுதுகொண்டு போனாரே, அவரும்தானே கட்டியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் சொல்லியிருக்கும் அளவுக்கு ஒரு பாட்டிலில் ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருக்கிறார். மாத்திரைகள் நேரவாரியாகப் பிரித்து நான்கு டப்பாக்களில். பதினெட்டு வருடச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "நான் பயந்ததாலதானா?" இல்லைக்கா, சர்க்கரையால என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

அப்புறம் அப்பா செய்வதை அவருக்குச் சொன்னேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு வியாழக்கிழமைக் காலையை ஓட்டிப் பார்த்தோம். இரண்டு மாடிப் படி, நடுவில் ஒருமுறை நிற்க வேண்டும், அங்கே உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். வாசலில் ஆட்டோ. சயானுக்கு மேல் ஆட்டோ போகாது, இறங்கி டாக்சி மாற வேண்டும். அந்த இடத்தில்தான் அக்கா கண்ணைத் திறந்துவிட்டார். திரும்பி வரும்போது கணவருக்குத் தலை சுற்றும், டாக்சியிலிருந்து ஆட்டோவுக்கு அந்த இருபது அடி ஒரு ஆளாகப் பிடித்து நடத்த முடிவதில்லை என்றார். மூன்று மாதமாக அவர் பயந்தது அந்த இருபது அடிக்குத்தான்.

இந்த வியாழன் நான் போகிறேன். சனிக்கிழமை எனக்கு அலுவலகம். மதியம் ஒன்றரை மணிக்கு சயான் சர்க்கிள் பக்கம் நிற்க முடிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.