ஹெட்ரெஸ்ட் வைத்தால் கார் செத்துவிடுமா?

என் 1965 எம்ஜிபியின், அதாவது அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின், இருக்கைகளை மாற்றிய படத்தை நம் குழுவில் போட்டதிலிருந்து நடப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். "காரைக் கொன்றுவிட்டாய்" என்று எழுதிய பெரியவருக்கு அங்கேயே பதில் சொல்லாததற்கு மரியாதை மட்டுமே காரணம். அந்த வரிக்கு விழுந்த விருப்பக்குறிகளில் என் நெருங்கிய நண்பர்களுடையவையும் இருந்ததால்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் செய்தது இவ்வளவுதான்: தோள்பட்டையோடு நின்றுவிடும் பழைய இருக்கைகளைக் கழற்றித் துணி சுற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, தலையைப் பின்னாலிருந்து தாங்கும் ஹெட்ரெஸ்டோடு சேர்ந்தே வரும் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் இருக்கைகளைப் பொருத்தினேன், கூடவே கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாயான ரோல் பாரும், இடுப்போடு தோளையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டும். இருக்கையை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். கழுத்தை அப்படி மாட்ட முடியாது.

"அசல் கெட்டுவிட்டது" என்கிறார்கள். எந்த அசல்? அமெரிக்காவில் 1969 ஜனவரி 1 முதல் தயாராகும் கார்களுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயமானதும், என் காரைச் செய்த இங்கிலாந்தின் அதே ஆபிங்டன் தொழிற்சாலை அதே எம்ஜிபியை ஹெட்ரெஸ்டோடுதான் அங்கே அனுப்பியது. 1968 மாடலிலேயே மெத்தை பொதிந்த டேஷ்போர்டும், மோதினால் மடங்கிக்கொடுக்கும் ஸ்டீயரிங் தண்டும், ஒரு சுற்று பழுதானாலும் மற்றது பிடிக்கும் இரட்டைச் சுற்று பிரேக்கும் அமெரிக்க வண்டிகளுக்கு வந்துவிட்டன. அப்படியென்றால் முதல் கொலையாளி தயாரித்தவரே அல்லவா? மூன்று முனை பெல்ட்டை வால்வோ கொண்டுவந்தது 1959-இல்; அது என் காரைவிட மூத்தது.

"கவனமாக ஓட்டினால் போதும்" என்று அறிவுரை சொல்பவர்களுக்கு ஒன்று. சிக்னலில் ஹேண்ட் பிரேக் போட்டு நின்றுகொண்டிருந்த என்னை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. பெரிய வேகமில்லை, பம்பர் லேசாக வளைந்ததோடு சரி. ஆனால் இருக்கை என் முதுகை முன்னே தள்ள, தலை மட்டும் பின்தங்கி, தாங்க எதுவுமில்லாமல் இருக்கைக்கு மேலே பின்புறமாக மடிந்தது. அதன்பின் பல வாரங்கள் பனியனைத் தலைவழியாக மாட்டுவதற்குக்கூட அக்காவைக் கூப்பிட வேண்டியிருந்தது. நின்றுகொண்டிருந்த காரை இன்னும் எவ்வளவு கவனமாக ஓட்டியிருக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

ரோல் பாரைப் பற்றிய எச்சரிக்கையில் மட்டும் நியாயம் உண்டு. ஹெல்மெட் இல்லாத தலை அந்தக் குழாயில் மோதினால் அதுவே எமனாகிவிடும். அதனால்தான் கெட்டியான திண்டு சுற்றியிருக்கிறேன். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற நுரை ஒரு நொடிகூடத் தாங்காது. பெல்ட்டின் மேல்முனையைத் தோளுக்கு வெகு கீழே மாட்டினால் மோதும்போது அது முதுகெலும்பையே அழுத்தும். கூரையில்லாத இந்தக் காரில் அதை மாட்டத் தோள் உயரத்துக்கு ரோல் பாரைத் தவிர வேறு பிடிமானம் எனக்குக் கிடைக்கவில்லை. விற்கும்போது விலை குறையுமாம், நான் விற்கப்போவதில்லை.

எல்லாவற்றையும்விடச் சுட்டது, "பயமாக இருந்தால் புதுக் கார் வாங்கிக்கொள்" என்ற வரி. அதை எழுதியவரின் கார் டிரெய்லரில் ஏறிக் கண்காட்சிக்குப் போய், டிரெய்லரிலேயே வீடு திரும்புகிறது. மழையில் நனைந்து, லாரிகளுக்கு நடுவில், பக்கத்தில் மகளை உட்காரவைத்து ஓட்டுபவன் நான். இதில் காரை நேசிக்காதவன் நானாம்!

அடுத்த சந்திப்புக்கும் இந்த இருக்கைகளோடுதான் வருவேன். தனி வரிசையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன். போன முறைபோல ஓரமாக வந்து "ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா?" என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.