மூலை வீட்டுக் கதவு

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) கூட்டுத் துப்புரவுப் பணி நடந்தது. காலை ஏழரைக்கெல்லாம் முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டோம். புல்வெட்டும் இயந்திரம் இரண்டு, மண்வெட்டிகள், கறுப்புக் குப்பைப் பைகள். பத்து மணிக்கு நாசி லெமாக், தே தாரேக். கால்வாய் அடைப்பை எடுத்தோம். ஊஞ்சலுக்கு அடியில் சேர்ந்திருந்த குப்பையை அள்ளினோம். வீடு வீடாகப் போய்ப் பூச்சட்டித் தட்டுகளைக் கவிழ்த்தோம். மத்தியானத்துக்குள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படங்கள் நிறைந்துவிட்டன. நானும் ஒன்றில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்று நாங்கள் ஒரு வீட்டுக் கதவை மட்டும் தட்டவில்லை. மூன்றாவது லோரோங்கின் (சந்தின்) மூலை வீடு. நான் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியலை எழுதியவள் நானேதான். சந்தாப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். அந்த வீட்டின் சொந்தக்காரர் கோலாலம்பூரில் இருக்கிறார், சந்தா கட்டுவதில்லை. ஆகவே பட்டியலில் அந்த வீடு இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள் ஐவர், வங்காளதேசத்திலிருந்து நால்வர். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார்கள். இரண்டு வருடமாக என் வீட்டுக்கு ஏழு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார்கள்.

துப்புரவு முடிந்து ஒன்பதாம் நாள், அதே லோரோங்கில் மூன்றாம் படிவம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு டிங்கி என்று உறுதியானது. சுகாதார அதிகாரிகள் வந்தார்கள், சுற்றுப்புறத்தைச் சோதித்தார்கள். மூலை வீட்டுக் கொல்லையில், தண்ணீர்ப் பீப்பாயில், கொசுப் புழுக்கள் அகப்பட்டன. அன்றிரவு நம் புலனக் குழுவில் வந்த செய்திகளை மறுபடியும் இங்கே எழுத எனக்கு மனமில்லை. படித்தவர்களுக்குத் தெரியும். "அந்நியக்காரர்களை முதலில் காலி செய்யுங்கள்" என்பதுதான் அவற்றில் மென்மையானது.

மறுநாள் மாலை ஆறரைக்கு அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. கையில் சோற்றுக் கரண்டியோடு வந்தவன், என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். பீப்பாயைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் சொன்னேன். கொல்லைக்கு அழைத்துப் போனான்.

நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய், என் இடுப்பு உயரம். அதிகாரிகள் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பையன்கள் மறுபடியும் நிரப்பி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். குழாயைத் திறந்து காட்டினான். தண்ணீர் நூலாக இறங்கியது. இந்த வெயில் தொடங்கியதிலிருந்து மாலையில் நம் எல்லார் வீட்டிலும் இதே நிலைமைதான், ஆனால் நம் வீடுகளில் கூரைக்குமேல் தொட்டி இருக்கிறது. அங்கே இருந்த தொட்டி வெடித்து ஒரு வருடமாகிறது, சொந்தக்காரர் மாற்றவில்லை. ஒன்பது பேர் வியர்வையும் மண்ணுமாக வேலையிலிருந்து வந்து எதில் குளிப்பார்கள்? விடியற்காலையில், தண்ணீர் வரும்போது பிடித்து வைக்கிறார்கள்.

கைத்தொலைபேசி விளக்கை அடித்துப் பீப்பாயின் உள்சுவரைப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈர விளிம்பில், கரித்தூளைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் புழு போகும், முட்டை போகாது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்ததிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு தடவை உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை 'கவிழ்த்துவிட்டோம், முடிந்தது' என்று கைதட்டிக்கொண்டோமே, அந்தப் பூச்சட்டித் தட்டுகளில் எத்தனையைத் தேய்த்தோம்? நான் ஒன்றைக்கூடத் தேய்க்கவில்லை.

தேய்க்கும் பிரஷ்ஷை என் வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். நானும் அந்தப் பையனும் சேர்ந்து தேய்த்தோம். மூடிக்குப் பதிலாக வலைத்துணியைக் கட்டினோம். கொசுப் புழுவைக் கொல்ல நீர்த்தொட்டியில் போடும் அபேட் மருந்து, பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கு, அதையும் போட்டேன். அரை மணி நேர வேலை.

அப்போதுதான் அவன் சொன்னான். மூன்று வாரத்துக்கு முன்பு அவர்களில் ஒருவருக்குக் கடும் காய்ச்சல். ஐந்து நாள் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டெல்லாம் முறித்துப் போட்டதுபோல வலி. டாக்டரிடம் போகவில்லை. வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் கூடுதல், போனால் ஒரு நாள் கூலியும் போய்விடும். மாத்திரை வாங்கிக் கொடுத்துக் கஞ்சி ஊற்றி அவர்களே பார்த்துக்கொண்டார்கள். பிழைத்துக்கொண்டார். அது டிங்கியா இல்லையா என்று இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் பாருங்கள். நோயாளியைக் கடித்த கொசு எட்டிலிருந்து பன்னிரண்டு நாளில் நோயைப் பரப்பத் தயாராகிவிடும். அது கடித்த ஆளுக்கு நாலு நாள் முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலை அன்றே நாம் அறிந்திருந்தால் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கலாம், அந்த லோரோங்கையே முன்கூட்டிச் சோதித்திருக்கலாம். அவரையும் ஒரு கொசுதான் கடித்தது. அது எந்த வீட்டில் பிறந்ததோ, அவருக்கு முன்னால் யாரைக் கடித்ததோ யாருக்குத் தெரியும்? ஏழு வீடு தள்ளி ஒருவர் ஐந்து நாள் முனகிக்கொண்டு கிடந்திருக்கிறார், நாம் அதே நாட்களில் தேசிய தினத்துக்கு எத்தனை கொடி வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தோம். இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

(இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தான வேளை. காய்ச்சல் விட்டது என்று வேலைக்குக் கிளம்பாதீர்கள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்பிரினைத் தொடவே தொடாதீர்கள்.)

இனி இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருக்கிறது. நம் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த நாட்டில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது இந்தப் பக்கத்தில்தான், 1917-இல். தோட்டத்தின் பெயர் தென்னமரம். நட்டுவித்தவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆனால் பெயரைப் பாருங்கள், அது நம் பாட்டன் பாட்டியின் வாயிலிருந்து வந்த சொல். அவர்கள் கடல் தாண்டி வந்த கூலிகள். பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போய், வெயிலில் நின்று, மாலையில் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் பத்தடிக்குப் பத்தடி அறைக்குத் திரும்பியவர்கள். ஒரு லயத்துக்கு ஒரே குழாய். அந்தக் குழாயடியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் பிடித்து வளர்ந்தவள்தான் நானும். என் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் வாளியை வைத்துவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவார்.

அந்தக் காலத்தில் தோட்டத்துக் காய்ச்சல் மலேரியா. 1901-இல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடிகால் வெட்டி வற்றவைத்து அதை அடக்கிக் காட்டினார். தோட்டங்களும் பிறகு அந்த வழிக்கு வந்தன. கால்வாய் வெட்டும்போது எந்த லயத்துக்காரன் எந்தச் சாதி, எந்த ஊர் என்று பார்த்து வெட்ட முடியாது. தண்ணீர் ஒரே சரிவில்தான் ஓடும். ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். நம் லோரோங்கின் நீளம் அதைவிடக் குறைவு.

புலனக் குழுவில் வந்த வாதங்களை நான் தள்ளிவிடவில்லை. "இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போய்விடுவார்கள், அவர்களைச் சங்கத்தில் சேர்த்து என்ன பயன்?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கொசு ஒரு வாரத்தில் வளர்கிறது, அவர்கள் இரண்டு வருடமாக இருக்கிறார்கள். "பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரருக்கும் ஒப்பந்தக்காரருக்கும்" என்றார் இன்னொருவர். அதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். தொட்டியை மாற்றாத சொந்தக்காரருக்கு நேற்றே கடிதம் எழுதிவிட்டேன், நகல் தலைவர் ஐயாவிடம் இருக்கிறது. கொசு வளர இடம் கொடுத்தால் அபராதம் விதிக்க 1975-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, அதையும் கடிதத்தில் சுட்டியிருக்கிறேன். ஆனால் கோலாலம்பூரில் இருப்பவரைக் கொசு கடிக்காது. பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு ஒன்று கேட்கிறேன்: பெயர் தெரிந்த ஒன்பது பேர் பக்கத்தில் இருப்பது பாதுகாப்பா, பெயரே தெரியாத ஒன்பது பேர் இருப்பதா? அக்கம்பக்கக் காவல் அமைப்பான ருக்குன் தெத்தாங்கா 1975-இல் தொடங்கியதே அண்டை வீட்டில் யார் இருக்கிறார் என்று அறிந்துகொள்ளத்தானே? இரவுக் காவலுக்கு முறை வைத்துப் போன பெரியவர்கள் இன்னும் நம் தாமானில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு அவர்கள் எந்த வீட்டையும் தாண்டிப் போனதில்லை.

வெயில் இன்னும் முடியவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் வரை இருக்கும், அதோடு புகைமூட்டமும் வரலாம். நமக்கு வடக்கே இருப்பது சதுப்புக்காடு, அந்த மண் காய்ந்தால் தரைக்கு அடியிலேயே கனன்று எரியும். 2005 ஆகஸ்டு 11 நினைவிருக்கிறதா? காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, நம் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவித்தார்கள். எதிர்வீட்டு மாமரம் தெரியவில்லை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்து உதடு நீலம் பாய்ந்தது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) தன் மகனை எழுப்பி, அவர் காரில் எங்களை மருத்துவமனைக்கு அனுப்பினார். அப்போது நாங்கள் இந்தத் தாமானுக்கு வாடகைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சங்கத்தில் உறுப்பினர் இல்லை, சந்தாவும் கட்டவில்லை.

இந்த வருடம் முகக்கவசம் வாங்கிச் சேமிக்க முடிவு செய்திருக்கிறோம். சந்தாக் கணக்குப்படி என்று நான்தான் குறிப்பேட்டில் எழுதினேன். புகையில் நாள் முழுக்க வெளியே நின்று குலை வெட்டுகிறவர்களுக்கு அதில் ஒன்றுகூட இல்லை. அந்த வரியைத் திருத்த வேண்டும். (காய்ந்த இலையைக் கொல்லையில் எரிக்கும் நம்மவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், நிறுத்துங்கள். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம், உங்கள் வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்கும் கேடு.)

போன வருடம் ஆடியில் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தோம். லயங்களை இடித்துவிட்டார்கள், கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. மூலை வீட்டு நேப்பாளப் பையன்கள் இருவர் சைக்கிளில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு வெளியே நின்றே கும்பிட்டார்கள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார்கள். நாங்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எண்பதைத் தாண்டிய எங்கள் பாட்டி ஒருவர், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட முன்னாள் ஆயாக்கொட்டகை ஆயா, "ஏன் வெயிலில் நிற்கிறீர்கள், வாருங்கள்" என்று தமிழிலேயே அதட்டிக் கூப்பிட்டார். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு குவளை குடித்தார்கள். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒருவன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெயரை மட்டும் கேட்கவில்லை. பீப்பாயைத் தேய்த்த அன்றுதான் கேட்டேன். அவன்தான் அது.

வருகிற வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்குப் பொதுமண்டபத்தில் சங்கக் கூட்டம். துப்புரவுப் பட்டியலைச் சந்தாப் புத்தகத்திலிருந்து எழுதாமல் வீட்டு எண் வரிசைப்படி எழுத வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்து. ஒவ்வொரு லோரோங்கிலும் ஒருவர் வாரம் ஒரு முறை எல்லாக் கதவையும் தட்டி, காய்ச்சல் உண்டா என்று கேட்க வேண்டும். நம் அறிவிப்புகளை நேப்பாளியிலும் வங்காளத்திலும் குரல் செய்தியாகப் பதிவு செய்து தர அந்தப் பையன்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டுரிமை, பதவி என்று எதையும் நான் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

காய்ச்சலில் இருந்த அந்தப் பிள்ளை நேற்று வீடு திரும்பிவிட்டாள். இரத்தத் தட்டணுக்கள் ஏறிவிட்டன, இன்னும் சோர்வாக இருக்கிறாள், கஞ்சிதான் இறங்குகிறது. அவளுடைய அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த துப்புரவுப் பணியை மூலை வீட்டிலிருந்து தொடங்குங்கள் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

வெள்ளிக்கிழமை தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.