பன்னிரண்டு பைட்டுகளை வந்தபடியே வைத்திருங்கள்

இணையப் பெயர்களுக்குரிய முகவரிகளைத் தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பில், செய்தி ஒவ்வொன்றும் 12 பைட் நீளமுள்ள ஒரு தலைப்பகுதியோடுதான் தொடங்குகிறது. அலுவலகப் பேச்சில் நாம் ஹெடர் என்று சொல்லும் இந்தப் பகுதியை, 1987 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1035 என்ற இணையத் தர ஆவணத்தில் பால் மோக்கபெட்ரிஸ் வரையறுத்தார். அதன் பிறகு டிஎன்எஸ்ஸில் எத்தனையோ சேர்ந்துவிட்டன. ஆனால் இந்தத் தலைப்பகுதி ஒரு பைட் கூட நீளவில்லை. இவ்வளவு சிறிய, இவ்வளவு பழைய ஒன்றை நிரல் நூலகத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்பது பேசுவதற்குரிய விஷயமே அல்ல என்று பலர் நினைக்கிறார்கள். டிஎன்எஸ் நிரல்களோடு பல ஆண்டுகள் பழகிய பிறகு என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. நூலகம் அந்த 12 பைட்டுகளை வந்தபடியே வைத்திருக்க வேண்டும், யாராவது கேட்கும்போது மட்டும் அவற்றைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பைட்டுகளைப் பிரித்து, பெயரிட்ட உறுப்புகளின் தொகுப்பான ஒரு ஸ்ட்ரக்ட்டில் அடுக்கிவிட்டு மூலத்தைக் கைவிடும் வழக்கம் தவறானது. அதை ஏன் தவறு என்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சாதாரணப் பதிலின் தலைப்பகுதி ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களில் இப்படி இருக்கும்:

47 19 81 80 00 01 00 02 00 00 00 01

முதல் இரண்டு பைட்டுகள் அடையாள எண். வினவலில் எது இருந்ததோ அதுவே பதிலிலும் திரும்ப வர வேண்டும். அடுத்த இரண்டில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. 81 என்பதில் இடப்பக்கக் கடைசி பிட் க்யூஆர். அது 1 என்றால் இது பதில். அதையடுத்த நான்கு பிட்டுகள் ஆப்கோடு. இங்கே 0, அதாவது வழக்கமான வினவல். பதில் அதிகாரப்பூர்வமானது என்னும் ஏஏ, செய்தி துண்டிக்கப்பட்டது என்னும் டிசி இரண்டும் 0. கடைசியாக உள்ள ஆர்டி 1, அதாவது கேட்டவர் முழுமையாகத் தேடித் தரும்படி கேட்டிருக்கிறார். 80 என்பதில் முதல் பிட் ஆர்ஏ; அப்படித் தேடித் தர முடியும் என்று சர்வர் சொல்கிறது. அதன்பின் இசட் என்று பெயரிடப்பட்ட மூன்று பிட்டுகள், கடைசி நான்கு பிட்டுகளில் விளைவைச் சொல்லும் ஆர்கோடு. கேட்ட பெயரே இல்லையென்றால் 80 இருக்கும் இடத்தில் 83 வரும். சர்வரால் பதில் காண முடியவில்லையென்றால் 82 வரும். மீதமுள்ள எட்டு பைட்டுகள் நான்கு எண்ணிக்கைகள்: கேள்வி 1, பதில் 2, அதிகாரப் பகுதியில் 0, கூடுதல் பகுதியில் 1.

ஆர்எஃப்சி 1035-இல் இதற்குப் படம் வரைந்திருக்கிறார்கள். அதில் 13 கட்டங்கள் இருக்கின்றன. அதைப் பார்க்கும் எந்த நிரலாளருக்கும் 13 உறுப்புகள் கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட் எழுத வேண்டும் என்றுதான் கை போகும். நானும் அதையே செய்தேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், உள்ளிருந்து வரும் வினவல்களை வாங்கி பெயர்களைத் தேடித் தரும் வெளி ரிசால்வருக்கு அனுப்பும் சிறிய ஃபார்வர்டர் ஒன்றை எழுதினேன். வந்த செய்தியைப் பிரித்து ஸ்ட்ரக்ட்டில் இடுவது, வேண்டிய சோதனைகளைச் செய்வது, பிறகு ஸ்ட்ரக்ட்டிலிருந்து புதிய பைட்டுகளை உருவாக்கி அனுப்புவது என்பதே அதன் வேலை. இசட் பிட்டுகள் எல்லா வினவல்களிலும் பதில்களிலும் சுழியாக இருக்க வேண்டும் என்று 1035 சொல்கிறது. எப்போதும் சுழியாக இருப்பதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்து, 13 உறுப்புகளில் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, எழுதும்போது மூன்று சுழிகளை இட்டேன்.

ஆனால் அந்த மூன்று பிட்டுகளில் இரண்டுக்கு 1997-இலேயே வேலை கொடுத்துவிட்டார்கள். பதில்கள் உண்மையானவையா என்று சோதிக்க உதவும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களுக்காக வந்த ஆர்எஃப்சி 2065, அவற்றுக்கு ஏடி, சிடி என்று பெயரிட்டது. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4035-இலும் அவை இடம்பெற்றன. சிடி என்பதன் பொருள், கையொப்பத்தை நீ சோதிக்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்பதாகும். எங்கள் உள் ரிசால்வரில், கையொப்பம் தவறாகிப்போன ஒரு பெயருக்கு மட்டும் சோதனையை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆகவே அது சிடியை இட்டு 01 10 என்று அனுப்பியது. என் நிரலைக் கடந்தபோது அது 01 00 ஆகிவிட்டது. வெளியே இருந்த ரிசால்வர் தன் போக்கில் கையொப்பத்தைச் சோதித்து, தவறு என்று கண்டு 81 82 என்று திருப்பி அனுப்பியது. மற்ற எல்லாப் பெயர்களும் சரியாக வேலை செய்தன. இரண்டு நாள் தேடிய பிறகு, நிரலுக்கு முன்னும் பின்னும் பிடித்த பாக்கெட்டுகளை இரு திரைகளில் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான், நான்காம் பைட்டில் 10 இருந்த இடத்தில் 00 இருப்பது கண்ணில் பட்டது.

அறியாத கொடிகளை (இத்தகைய ஒற்றை பிட் குறிகளை)க் கண்டால் கைவைக்காமல் கடத்திவிட வேண்டும் என்று டிஎன்எஸ் ப்ராக்ஸி எழுதுபவர்களுக்காகவே ஆர்எஃப்சி 5625, 2009 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. நான் அதைப் படித்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் என் ஆதங்கம் அதோடு முடிவதில்லை. ஏடியும் சிடியும் தெரிந்த ஒருவர் இரண்டு உறுப்புகளைச் சேர்த்து என் ஸ்ட்ரக்ட்டைத் திருத்திவிடலாம். அப்போதும் மிச்சமிருக்கும் ஒரு இசட் பிட்டுக்கு நாளை யாராவது பொருள் கொடுத்தால் அதே தவறு அதே இடத்தில் மீண்டும் நேரும். ஸ்ட்ரக்ட்டில் அதை எழுதியவருக்குத் தெரிந்தது மட்டுமே தங்கும், தெரியாதது தொலைந்துவிடும். பைட்டுகளை அப்படியே வைத்துக்கொண்ட நூலகத்திலோ, எழுதியவர் அறியாததும் பத்திரமாக இருக்கும்.

பைட்டுகளையும் உறுப்புகளையும் ஒன்றாகவே ஆக்கிவிடும் முயற்சி சி மொழியில் மிகப் பழையது. பிஎஸ்டி, லினக்ஸ் உலகில் நெடுங்காலமாக இருந்துவரும் நேம்சர்வர் கோப்பில் இந்தத் தலைப்பகுதி பிட் ஃபீல்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது. பிட் ஃபீல்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை சி மொழித் தரம் கம்பைலரிடம் விட்டுவிட்டதால், பெரிய முனை முதலில் வரும் இயந்திரத்துக்கு ஒரு முறை, சிறிய முனை முதலில் வரும் இயந்திரத்துக்கு ஒரு முறை என்று அதே பட்டியலை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. பைட் வரிசையைப் பொருட்படுத்தாமல், நகர்த்தலும் மறைப்பும் கொண்டு ஒரு பிட்டைப் படிப்பது ஒற்றை வரி வேலை. அதை மறைப்பதற்காக இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் நிறைவளித்தது ஆம்ஸ்டர்டாமின் என்எல்நெட் லேப்ஸ் ரஸ்ட் மொழியில் எழுதிவரும் டொமைன் நூலகம். அதில் தலைப்பகுதியை முதல் 4 பைட்டுகள், பின் 8 பைட்டுகள் என்று இரண்டு தனி வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாவது நான்கு பைட்டுகள் கொண்ட ஒரு வரிசை, இரண்டாவது எட்டு பைட்டுகள் கொண்ட ஒரு வரிசை; அவற்றின் மேல் படிக்கவும் மாற்றவும் மெத்தடுகள். அவ்வளவுதான். இந்தப் பிரிவினை நீளத்தைப் பார்த்துச் செய்யப்பட்டதன்று, பொருளைப் பார்த்துச் செய்யப்பட்டது என்றே நான் எண்ணுகிறேன். முதல் நான்கு பைட்டுகளில் இருப்பது அனுப்பியவரின் கூற்று. அதை மாற்றும் உரிமை நிரலாளருக்கு உண்டு. பின்னுள்ள எட்டு பைட்டுகளோ செய்தியின் உடலில் என்ன இருக்கிறதோ அதைச் சார்ந்தவை. செய்தியைக் கட்டும்போது அவற்றை நூலகம்தான் நிரப்ப வேண்டும், நிரலாளர் கையால் நிரப்பக் கூடாது.

இந்த எண்ணிக்கைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் 16 பிட்; ஆகவே பதில்கள் 65,535 என்று ஒரு செய்தி சொல்லலாம். அது உண்மையாக இருக்க வழியே இல்லை. பதிலாக வரும் ஒரு பதிவின் மிகக் குறைந்த நீளம் 11 பைட்: ரூட் பெயருக்கு 1, வகைக்கு 2, வகுப்புக்கு 2, செல்லுபடியாகும் காலமான டிடிஎல்லுக்கு 4, தரவு நீளத்துக்கு 2. டிசிபி வழியே வரும் செய்தி 65,535 பைட்டுகளைத் தாண்ட முடியாது என்பதால், தலைப்பகுதி போக அதிகபட்சம் 5,956 பதிவுகளே அடங்கும். பழைய 512 பைட் யூடிபி செய்தியில் 45 மட்டுமே. ஆனால் தலைப்பகுதியில் சொன்ன எண்ணை நம்பி முன்கூட்டியே நினைவகம் ஒதுக்கும் நிரலைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று பகுதிகளிலும் 65,535 என்று எழுதி, உடலே இல்லாமல் வெறும் 12 பைட் பாக்கெட் ஒன்றை அனுப்பினால், பதிவுக்கு 100 பைட் என்று வைத்தாலும் அந்த நிரல் ஏறத்தாழ 2 கோடி பைட் ஒதுக்கும். 2020 டிசம்பரில் பாதுகாப்பு நிறுவனமான ஃபோர்ஸ்கவுட் வெளியிட்ட ஆம்னீசியா 33 ஆய்வில், சிறு கருவிகளில் ஓடும் யூஐபி என்ற நெட்வொர்க் அடுக்கில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓட்டை சுட்டிக்காட்டப்பட்டது: தலைப்பகுதி சொல்லும் பதில்களின் எண்ணிக்கைக்குரிய தரவு பாக்கெட்டில் உண்மையில் இருக்கிறதா என்று அது பார்க்கவில்லை, அதனால் எல்லையைத் தாண்டிப் படித்தது. எண்ணிக்கை ஒரு கூற்று மட்டுமே என்பதை வகையின் பெயரும் அமைப்பும் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோ மொழியில் பரவலாகப் பயன்படும் மீக் கீபனின் நூலகம் வேறு வழியில் போகிறது. அதன் தலைப்பகுதி ஸ்ட்ரக்ட்டில் எண்ணிக்கைகளே இல்லை. செய்தியைப் பைட்டுகளாக்கும்போது பட்டியல்களின் நீளத்திலிருந்து அவை பிறக்கின்றன. எழுதும் திசையில் இது மிகச் சரியான முடிவு. ஒரு பதிவை நீக்கிவிட்டு எண்ணிக்கையைக் குறைக்க மறக்கும் தவறுக்கு அங்கே இடமே இல்லை. மிச்சமுள்ள இசட் பிட்டையும் அவர் மறக்காமல் ஒரு உறுப்பாக வைத்திருக்கிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் படிக்கும் திசையில், அனுப்பியவர் மூன்று என்று சொல்லி இரண்டுதான் அனுப்பினார் என்ற செய்தியே நமக்கு முக்கியமாகும் வேளைகள் உண்டு. அப்போது மூல எண் கையில் இருக்க வேண்டும். கேள்விகளின் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான வினவலில் அது ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2024-இல் வந்த ஆர்எஃப்சி 9619-தான் தெளிவாக எழுதிவைத்தது. அதற்கு முந்தைய 37 ஆண்டுகளும் நூலகங்கள் தத்தம் ஊகத்தின்படி நடந்துகொண்டிருந்தன.

ஆர்கோடு விஷயத்தில் என் மனக்குறை பெரிது. நான்கு பிட் எண்ணை எடுத்து, 1035-இல் உள்ள 0 முதல் 5 வரை பெயரிட்டு, வேறு எது வந்தாலும் பிழை என்று மூடிவிடும் எனம்களை (enum, அதாவது பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்களை) நான் அடிக்கடி காண்கிறேன். 6 முதல் 10 வரை உள்ள எண்களுக்கு 1997-இலேயே ஆர்எஃப்சி 2136 பொருள் கொடுத்துவிட்டது. எண்ணை எண்ணாகவே வைத்து, தெரிந்தவற்றுக்கு மட்டும் பெயர் சூட்டுவதே சரி. இதைவிட ஆழமான குழப்பம் ஒன்றும் இருக்கிறது. 1999-இல் இடிஎன்எஸ் என்ற டிஎன்எஸ் நீட்டிப்பு வந்த பிறகு ஆர்கோடு 12 பிட் ஆகிவிட்டது. மேல் 8 பிட்டுகள் கூடுதல் பகுதியில் உள்ள ஆப்ட் பதிவில் இருக்கின்றன, தலைப்பகுதியில் கீழ் 4 பிட்டுகள் மட்டுமே. இடிஎன்எஸ் பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லும் குறியீடு 16. அதன் கீழ் நான்கு பிட்டுகளும் சுழி. ஆகவே தலைப்பகுதியை மட்டும் பார்த்து ஆர்கோடு என்ன என்று கேட்டால், பிழையே இல்லை என்று நூலகம் சொல்லும். குக்கீ தவறு என்னும் 23-ஐத் தலைப்பகுதியில் பார்த்தால் அது 7 ஆகி, டைனமிக் அப்டேட்டுக்குரிய வேறொரு பிழையாகத் தோன்றும். முழு ஆர்கோடு செய்தியிடம் மட்டுமே கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். பைதானின் டிஎன்எஸ்பைதான் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. டொமைன் நூலகம் 4 பிட்டுக்கும் 12 பிட்டுக்கும் வெவ்வேறு வகைகளை வைத்திருக்கிறது. இரண்டு வழிகளும் எனக்கு ஏற்புடையவை.

தலைப்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு மீதியை மட்டும் பகுப்பானிடம் கொடுக்கும் நூலகங்களும் உண்டு. ஒரு பெயரைத் திரும்ப எழுதாமல் அது முன்பு வந்த இடத்தைக் காட்டும் பெயர்ச் சுருக்கச் சுட்டிகள் தலைப்பகுதியின் முதல் பைட்டிலிருந்து எண்ணப்படுகின்றன. எந்தப் பதிலைத் திறந்தாலும் தசம எண்களில் 192, 12 என்ற ஜோடி கண்ணில் படுவதற்குக் காரணம், 12 பைட் தலைப்பகுதி முடிந்தவுடன் முதல் கேள்வியின் பெயர் தொடங்குவதே. தலைப்பகுதியை வெட்டியவர் ஒவ்வொரு சுட்டியிலும் 12-ஐக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் பெயர்கள் கலைந்துவிடும்.

அடையாள எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய தலைப்பகுதி உருவாகும்போதே சீரற்ற எண் ஒன்றை இட்டுவிடுவதை வசதி என்று பலர் கருதுகிறார்கள். அந்த முடிவு செய்தி எந்த வழியில் போகிறது என்பதைச் சார்ந்தது. போலிப் பதில்கள் புகாதிருக்க, யூடிபியில் அது ஊகிக்க முடியாததாக இருந்தே தீர வேண்டும். 16 பிட் மட்டும் போதாது என்பதை 2008-இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி காட்டிய பிறகு, போர்ட் எண்ணையும் சீரற்றதாக்கினோம். எச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ்ஸில் கேஷ் நன்கு வேலை செய்வதற்காக அது 0 ஆக இருப்பது நல்லது என்று ஆர்எஃப்சி 8484 சொல்கிறது. க்விக் என்ற போக்குவரத்து நெறிமுறை வழி டிஎன்எஸ்ஸில் 0 ஆகவே இருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 9250 விதிக்கிறது. தலைப்பகுதி வகை 12 சுழிகளோடு பிறக்கட்டும். எண்ணை அனுப்பும் அடுக்கு இடட்டும்.

பூலியன் உறுப்புகள் கொண்ட ஸ்ட்ரக்ட் படிக்க எளிது, சோதனை எழுத எளிது, அச்சிட்டுப் பார்க்க எளிது என்று நண்பர்கள் என்னிடம் வாதிடுகிறார்கள். அந்த எளிமையை நான் மறுக்கவில்லை. அதை ஒரு பார்வையாகக் கொடுங்கள், பைட்டுகளிலிருந்து எப்போது வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளக்கூடியதாகக் கொடுங்கள் என்றே கேட்கிறேன். அந்தப் பார்வையிலிருந்து மீண்டும் பைட்டுகளை எழுதும் பாதை இருக்குமானால், அதற்குரிய சோதனையையும் உடனே எழுதுங்கள். கொடிப் பகுதி 16 பிட் மட்டுமே என்பதால் மாதிரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 0 முதல் 65,535 வரை எல்லா மதிப்புகளையும் பிரித்து, மீண்டும் எழுதி, அதே இரண்டு பைட்டுகள் வருகின்றனவா என்று பார்த்துவிடலாம். ஒரு வினாடி கூட ஆகாது. அந்த ஃபார்வர்டரைத் திருத்திய அன்று என் பழைய ஸ்ட்ரக்ட்டின் மேல் இந்தச் சோதனையை ஓட்டினேன். 8,192 மதிப்புகள் சரியாகத் திரும்பின. 57,344 மதிப்புகள் மாறி வந்தன.