பார்பரா ஸ்டீல் எங்கே அலறினார்?

பேய்ப்பட நடிகை பார்பரா ஸ்டீலை 'ஸ்கிரீம் குயின்' என்று, அதாவது திரையில் அலறியே பேர் வாங்கியவர் என்று எழுதுகிறவர்கள் அவருடைய ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்திருப்பார்களா என்று எனக்குப் பலமான சந்தேகம் உண்டு. அலறல் ராணியாம். அவரைப் பார்த்து மற்றவர்கள்தானே அலறினார்கள்! சரி, 1962-இல் வந்த 'தி ஹாரிபிள் டாக்டர் ஹிச்காக்' படத்தில் பிணத்தின் மேல் மோகம் கொண்ட ஒரு டாக்டருக்கு இரண்டாம் தாரமாக வாக்கப்பட்டு அவரும் பயந்து நடுங்குவார், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரை நினைத்தால் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்தப் படமில்லை.

போன வாரம் நடுராத்திரியில் 'பிளாக் சண்டே'யை நாலாவது தடவையாகப் பார்த்தேன், அதனால்தான் இந்தப் புலம்பல். 1960-இல் மரியோ பாவா இத்தாலியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் ஒரு கதையைப் பேருக்குத் தொட்டுக்கொண்டு எங்கேயோ போய்விடும். ஆரம்பத்திலேயே ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று கட்டிவைத்து, உள்பக்கம் முழுக்க ஆணி வைத்த முகமூடியை அவள் முகத்தில் பொருத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறார்கள். தீர்ப்புச் சொன்னவன் அவளுடைய சொந்த அண்ணன். அடி விழுவதற்கு முன் அவள் கெஞ்சவில்லை, அவன் வம்சத்தையே சபிக்கிறாள். 200 வருஷம் கழித்து, முகமெல்லாம் ஆணித்துளையோடு, கல்லறையில் கண்ணைத் திறக்கிறாள். அதே வம்சத்தில் பிறந்த காட்யா என்கிற அப்பாவிப் பெண்ணாகவும் ஸ்டீல்தான் நடித்தார், வேடிக்கை என்னவென்றால் காட்யா சும்மா வந்து நின்றாலே நமக்கு அடிவயிற்றைக் கலக்குகிறது, நல்லவள் என்று தெரிந்தும் நம்ப முடிவதில்லை. பாவா அதற்கு முன் ஒளிப்பதிவாளர், அந்தப் பெரிய கண்களையும் தூக்கலான கன்ன எலும்பையும் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிரிட்டிஷ் தணிக்கைக்காரர்கள் மிரண்டுபோய் அனுமதி மறுத்தார்கள், 1968 வரை அந்தப் படம் அங்கே வெளிவரவே இல்லை. கதாநாயகி அவர்கள் ஊர்ப் பெண்!

ஆமாம், ஸ்டீல் இங்கிலாந்துக்காரர். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட்டில் 1937 டிசம்பரில் பிறந்தவர். அங்கே ரேங்க் என்ற சினிமா நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டு துண்டு துண்டாக வேஷம் கொடுத்தது, அப்புறம் அந்த ஒப்பந்தத்தைச் சந்தையில் மாட்டை விற்பதுபோல ஹாலிவுட்டின் ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அங்கே எல்விஸ் பிரெஸ்லியோடு 'ஃபிளேமிங் ஸ்டார்' கிடைத்தது, ஒத்துவராமல் பாதியில் விலகினார், அந்த இடத்துக்கு பார்பரா ஈடன் வந்தார். வேறு யாராக இருந்தாலும் அதோடு கதை முடிந்திருக்கும். அந்த வருஷமேதான் 'பிளாக் சண்டே'.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தில் நாம் கேட்கும் குரல் அவருடையது இல்லை. அந்தக் காலத்து இத்தாலியில் படப்பிடிப்பில் ஆளுக்கு ஒரு மொழியில் பேசுவார்கள், பிறகு எல்லாவற்றுக்கும் டப்பிங், அதனால் அதை ஒரு வழக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் 1961-இல் அமெரிக்காவில் ரோஜர் கார்மன், வின்சென்ட் பிரைஸுடன் சேர்த்து 'தி பிட் அண்ட் தி பெண்டுலம்' எடுத்தபோது? ஆங்கிலப் படம், நடிகை ஆங்கிலேயர், அதிலும் மற்ற நடிகர்களின் உச்சரிப்போடு ஒட்டவில்லை என்று வேறு பெண்ணைப் பேச வைத்தார்கள். முகம் வேண்டும், கண் வேண்டும், தொண்டை மட்டும் வேண்டாம். இது அவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. பேய்ப்படங்களுக்குப் பேர்போன பிரிட்டிஷ் நிறுவனம் ஹேமர் 'கவுண்டஸ் டிராகுலா' எடுத்தபோது அதன் நாயகி இன்கிரிட் பிட்டுக்கும் இதே கதிதான். குரலே தராத ஒருத்தருக்கு அலறல் ராணி என்று பட்டம் கொடுத்தால் சிரிப்பதா அழுவதா?

இதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் இத்தாலியில் பாழடைந்த மாளிகை, மெழுகுவர்த்தி, கல்லறை என்றே ஓடியது. 'நைட்மேர் காசில்', 'தி லாங் ஹேர் ஆஃப் டெத்' என்று எதை எடுத்தாலும் செத்தவளும் அவரே, உயிரோடு இருப்பவளும் அவரே. நடுவில் 1963-இல் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'எட்டரை' படத்தில் வந்து போகிறார், ஒரு நடுவயதுக்காரனின் இளம் காதலியாக, நக்கலும் நடனமுமாக. அதைப் பார்த்தால்தான் பேய்ப்பட ஆட்கள் எவ்வளவு பெரிய நடிகையைக் கல்லறைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார்கள் என்று தெரியும். மைக்கேல் ரீவ்ஸ் 'தி ஷீ பீஸ்ட்' எடுத்தபோது அவரை ஒரே ஒரு நாளுக்குத்தான் அமர்த்த முடிந்தது, ஆனாலும் விளம்பரம் ஓடியது அந்தப் பேரை வைத்துத்தான்!

பிறந்த நாடு என்ன செய்தது? ஹேமர் ஒரு படத்துக்குக்கூட அவரை எடுக்கவில்லை. 1968-இல் இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனம் 'கர்ஸ் ஆஃப் தி கிரிம்ஸன் ஆல்டர்' படத்துக்குக் கூப்பிட்டது. பேய்ப்பட ஜாம்பவான்கள் போரிஸ் கார்லாஃப், கிறிஸ்டோபர் லீ, கூடவே பார்பரா ஸ்டீல், மூன்று பேரும் ஒரே படத்தில்! என்ன செய்தார்கள் தெரியுமா, உடம்பில் சாயம் பூசி, தலையில் கொம்பு வைத்து, கனவுக் காட்சிகளில் உட்கார வைத்துவிட்டார்கள். விருந்துக்குக் கூப்பிட்டுத் திண்ணையில் சோறு போட்ட மாதிரி.

எழுபதுகளில் வந்த இளம் இயக்குநர்கள் பரவாயில்லை, ஜோனதன் டெம்மி 'கேஜ்டு ஹீட்'டில் சக்கர நாற்காலியில் வரும் சிறை அதிகாரியாக்கினார், குரோனன்பெர்க் 'ஷிவர்ஸ்'ஸில் ஒரு வேஷம் கொடுத்தார். அப்புறம் அவரே கேமராவுக்குப் பின்னால் போனார். 'வார் அண்ட் ரிமம்பரன்ஸ்' என்ற பிரம்மாண்டமான இரண்டாம் உலகப்போர் தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவர், 1989-இல் சிறந்த குறுந்தொடருக்கான அமெரிக்காவின் எம்மி விருது வந்தது. அத்தனை பேய்ப்படத்துக்கும் எந்தப் பெரிய விருதும் தராத ஊர், முகம் தெரியாத வேலைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்தது.

அவரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் 'பிளாக் சண்டே'யோடு நிறுத்த வேண்டாம், 1978-இல் ஜோ டான்டே எடுத்த 'பிரானா'வையும் பாருங்கள். மனிதனைத் தின்னும் மீன்களை ராணுவத்துக்காக வளர்த்த கூட்டத்தில் ஒரு விஞ்ஞானியாக வருவார். ஆற்றில் அத்தனை பேர் செத்து மிதந்த பிறகு, கடைசியில் தொலைக்காட்சி நிருபரிடம் இனி பயப்பட ஒன்றுமே இல்லை என்று சாவகாசமாகச் சொல்வார். அந்தக் கண்கள் திரையை நிறைக்கும். சொந்தக் குரல்.