உண்மை விளக்கம்: ஃபிளாட் விலை ஏறிக்கொண்டேதான் இருக்குமா?

"கார் வாங்கினால் விலை இறங்கும், ஃபிளாட் வாங்கினால் ஏறும், வீட்டு விலை ஒருநாளும் குறையாது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கார் பற்றிய பாதி சரி. ஃபிளாட் பற்றிய பாதி சரியில்லை.

கட்டடமும் காரைப் போலத் தேய்கிற பொருள்தான், கொஞ்சம் மெதுவாகத் தேயும், அவ்வளவே. தொழிலில் பயன்படும் சொத்துகளுக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுத் தேய்மானமாக வாடகைக்கு ஓட்டாத காருக்கு 15%, குடியிருப்புக் கட்டடத்துக்கு 5%, மற்ற கட்டடங்களுக்கு 10% கழிக்கிறார்கள். பொதுவாக விலை ஏறுவது அடியில் இருக்கும் மனைக்கு. அதில் உங்கள் பங்குதான் பத்திரத்தில் யூ.டி.எஸ். என்று வரும் பிரிக்கப்படாத பங்கு. ஒரே தெருவில் 1,000 சதுர அடி ஃபிளாட் இரண்டு, ஒன்றுக்கு யூ.டி.எஸ். 550 சதுர அடி, இன்னொன்றுக்கு 250 என்று வையுங்கள். முப்பது வருடம் கழித்து லிப்ட் பழுதாகி, தளம் ஒழுகும்போது இரண்டின் விலையும் ஒன்றாக இருக்காது. ஆனால் விற்பனை விளம்பரங்களில் நீச்சல் குளம் பெரிதாக வரும், யூ.டி.எஸ். வராது!

சரி, மனை விலையாவது இறங்காதா? இறங்கும். ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட நில விலை, அப்புறம் பத்தாண்டுக்கும் மேலாகச் சரிந்துகொண்டே போனது. அமெரிக்காவில் 2006க்குப் பிறகு வீட்டு விலை சரிந்து, வாங்கிய கடனைவிட வீட்டின் மதிப்பு குறைந்துபோனவர்கள் ஏராளம்.

ஃபிளாட் வாங்கவே கூடாது என்பதில்லை. குடியிருக்க வாங்குகிறவருக்கு வாடகை மிச்சம். முதலீடு என்று வாங்குகிறவர் வட்டி, பராமரிப்புக் கட்டணம், பத்திரச் செலவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு லாபத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் செய்தியில் இவை எதுவுமே இல்லை.