கூண்டுக்குள் தொங்கும் அந்தப் பானையை எடுத்துவிடுங்கள்

லவ் பேர்ட்ஸ் வளர்க்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் தேடுவது பானையைத்தான். கூண்டின் மேல் மூலையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கும், பக்கவாட்டில் ஓட்டை போட்ட சின்ன மண்பானை. ஜோடி வாங்கும்போதே கூண்டு, ஒரு கிலோ தினை, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றோடும் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். "பானை வச்சாத்தான் முட்டை வைக்கும்" என்பார்கள். உண்மைதான், வைக்கும். நிறுத்தாமல் வைத்துக்கொண்டே இருக்கும். அதனால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் ஒரு ஜோடி வாங்கினோம். 600 ரூபாய். ஆண் நீலம், பெண் மஞ்சள். பெண்ணுக்கு மஞ்சு என்று பெயர் வைத்தாள். அலகுக்கு மேலே மூக்கு இருக்கும் சதைப்பகுதி நீலமாக இருந்தால் ஆண், வெளுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் பெண் என்று கடைக்காரர் சொல்லித் தந்ததில் மகளுக்கு அவ்வளவு பெருமை. வந்த இரண்டாவது மாதமே மஞ்சு பானைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஐந்து முட்டை, நான்கு குஞ்சு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் இனிப்பு கொடுக்காத குறை. அந்தக் குஞ்சுகள் பறந்து வெளியே வந்த வாரமே அடுத்த முட்டை. அப்புறம் அடுத்தது. 14 மாதத்தில் ஐந்து ஈடு. குஞ்சுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். எங்கள் வீட்டில் நன்றாக வளர்கிறது, கைராசி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மஞ்சு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் உப்பி, உருண்டையாக. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. குளிர்கிறதோ என்று என் வீட்டுக்காரர் சொன்னார். விளக்கெண்ணெய் தடவிப் பார் என்றார்கள் அத்தை. பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்தேன், பறவை பார்ப்பதில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் காலையில் கொண்டுவரச் சொன்னார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தபோது போய்விட்டிருந்தது. உள்ளங்கையில் எடுத்தால் கனமே இல்லை. வயிற்றின் அடிப்பக்கம் மட்டும் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. வெளியே வர முடியாமல் சிக்கிய முட்டை.

சில நாள் கழித்து, மிச்சமிருந்த ஆணையாவது காட்டிவிடலாம் என்று, பறவைகளைப் பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, கூண்டுல பானை இருக்கா?"

"இருக்கு சார்."

"வருஷம் பூராவுமா?"

அன்றைக்கு அவர் அரைமணி நேரம் உட்காரவைத்துச் சொன்னதுதான் நான் பறவை வளர்ப்பில் கற்ற முதல் உருப்படியான பாடம். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது உண்மையில் லவ் பேர்ட் இல்லை. லவ் பேர்ட் என்ற பெயருக்கு உரியவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, வால் குட்டையான கிளிகள். நம் வீட்டில் இருப்பது பட்ஜெரிகர், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் கூட்டம் கூட்டமாகத் திரியும் கிளி. 1840இல் ஜான் கோல்ட் என்ற பறவையியலாளர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதற்குப் பிறகுதான் அது உலகம் முழுக்க வீட்டுப் பறவையானது. அந்த வறண்ட நாட்டில் மழை எப்போது வரும் என்று தெரியாது. மழை பெய்து, புல் விதை நிறையக் கிடைத்து, மரப்பொந்தும் அமைந்தால்தான் அது முட்டையிடும். மழை இல்லாவிட்டால் அந்த உடம்புக்கு ஓய்வு.

இப்போது நம் வீட்டுக் கூண்டைப் பாருங்கள். கிண்ணத்தில் தினை ஒருநாளும் குறைவதில்லை. பொந்துக்குப் பதில் பானை. ஹாலில் டிவி ஓடுவதால் இரவு பதினொரு மணி வரை வெளிச்சம், அதாவது நீண்ட பகல். அதன் உடம்பைப் பொறுத்தவரை வருடம் முழுக்க மழைக்காலம். சுண்ணாம்புச் சத்தை எலும்பிலிருந்து எடுத்து எடுத்து முட்டை ஓட்டுக்குக் கொடுக்கிறது. கடைசியில் முட்டையை வெளியே தள்ளும் தசைக்கே அந்தச் சத்து மிச்சம் இருப்பதில்லை. மஞ்சுவுக்கு நடந்தது அதுதான்.

அதனால் சொல்கிறேன். குஞ்சு பொரிக்க வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கான உணவைக் கொடுத்து, வருடத்துக்கு இரண்டு ஈடுக்கு மேல் விடமாட்டேன் என்ற உறுதி இருப்பவர்கள் மட்டும் பானை வையுங்கள். மற்றவர்களுக்குப் பானையே வேண்டாம். பானை இல்லாவிட்டால் அது பாவம், எங்கே தூங்கும் என்று கேட்கிறார்கள். கொம்பில் உட்கார்ந்து தூங்கும். பட்ஜெரிகர் பானைக்குள் போவது முட்டைக்காக மட்டும்தான். கொட்டாங்குச்சி, துணியில் செய்த கூடாரம், இருட்டான டப்பா எதுவும் வேண்டாம், எல்லாம் அதற்குப் பொந்துதான். மாலை ஏழு மணிக்கு இருட்டான, சத்தமில்லாத அறைக்கு மாற்றிவிடுங்கள். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் அதற்கு வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. இதைப் பற்றி எனக்கு ஆத்திரமே உண்டு. தினை மட்டும் போதும் என்று சொல்லி விற்கிறார்கள். தினையில் வைட்டமின் ஏ கிடையாது என்றே சொல்லலாம், சுண்ணாம்புச் சத்தும் போதாது. பெரிய கிளி வைத்திருப்பவர்கள் சூரியகாந்தி விதையை மட்டும் கொடுக்கிறார்கள். அதில் கொழுப்புதான் அதிகம், ஈரல் கெடும். ஆப்பிரிக்கன் க்ரே மாதிரிக் கிளிகளுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் வலிப்பே வரும். இத்தனைக்கும் தேவையானதெல்லாம் நம் தெருவிலேயே கிடைக்கிறது. முருங்கைக்கீரை ஒரு கொத்தை அலசி, ஈரத்தோடு கூண்டுக் கம்பியில் கட்டுங்கள். முதலில் தின்னாது. பிறந்ததிலிருந்து விதை மட்டுமே பார்த்த பறவைக்குக் கீரை சாப்பாடு என்றே தெரியாது. எங்கள் ஆண் பறவை மூன்று வாரம் அதைப் பார்த்துப் பயந்தது. பிறகு ஈர இலையில் உரசிக் குளிக்கத் தொடங்கியது. குளித்துக்கொண்டே ஒரு நாள் கடித்தது. இப்போது கொத்து வைத்தால் காம்புதான் மிஞ்சும். கொத்தமல்லி, துருவிய கேரட், பரங்கிக்காய், குடைமிளகாய் எல்லாம் மெல்ல மெல்லப் பழகும். காலையில் பசியோடு இருக்கும்போது முதலில் காய்கறியை வைத்து, ஒரு மணி நேரம் கழித்து விதையை வைத்தால் சீக்கிரம் பழகும். ஆனால் பழக்குகிறேன் என்று பட்டினி போடக் கூடாது. இவ்வளவு சின்ன உடம்பு அதைத் தாங்காது.

கிளிக்குப் பச்சை மிளகாய் கொடுப்பது நம்மூரில் பழைய வழக்கம். அது கொடுமையோ என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. மிளகாயின் காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்குக் கிடையாது. பழுத்த மிளகாயில் வைட்டமின் ஏ சத்தும் உண்டு.

சுண்ணாம்புக்குக் கடல் நுரை, அதாவது கணவாய் மீனின் ஓடு. நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. உடையாத முழு ஓடாக வாங்கி, நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கட்டுகிறேன். கூடவே இளவெயில். சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே விழும் வெயில் அதற்கு உதவாது, நேரடி வெயிலாக இருக்க வேண்டும். கூண்டில் பாதி நிழலாக இருக்கும்படி வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். காக்கையும் பூனையும் எங்கிருந்து வருமென்று சொல்ல முடியாது. மதுரை வெயிலில் மே மாதம் நான் எட்டு மணிக்கு மேல் வெளியே வைப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சுவாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம்.

கொடுக்கவே கூடாதவை: வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, டீ, வெங்காயம், உப்புப் போட்ட மிக்சர், முறுக்கு. காபியில் நனைத்த பிஸ்கட்டைக் கிளிக்கு ஊட்டும் தாத்தா பாட்டிகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பாசம்தான். ஆனாலும் தடுக்கத்தான் வேண்டும்.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பறவையின் நுரையீரல் நம்முடையது மாதிரி இல்லை. காற்றுப் பைகள் இருப்பதால் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்று நுரையீரல் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்கு அது வரம். ஆனால் காற்றில் விஷம் இருந்தால் அதுவும் நம்மைவிடப் பல மடங்கு வேகமாக உள்ளே போய்விடும். அடுப்பில் நான்ஸ்டிக் தவாவை வைத்துவிட்டு மறந்துபோனால், அந்தப் பூச்சு அதிகம் சூடேறி வரும் ஆவி சில நிமிடத்தில் கிளியைக் கொன்றுவிடும். அந்த ஆவியின் வாசனைகூட நமக்குத் தெரியாமல் போகலாம். நான் வீட்டில் நான்ஸ்டிக்கை ஒழித்துவிட்டு இரும்புத் தோசைக்கல்லுக்குத் திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்தில் கூண்டு மாடி அறைக்குப் போய்விடும். கொசுவர்த்திச் சுருள் கிடையாது, கொசுவலைதான். போகிக்கும் தீபாவளிக்கும் ஜன்னலை அடைத்துக் கூடவே இருப்பேன், இருட்டில் வெடிச்சத்தம் கேட்டால் கூண்டுக்குள்ளேயே அடித்துக்கொண்டு காயப்படும்.

கூண்டைத் திறந்து பறக்க விடுகிறவர்கள் முதலில் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, இறக்கை முழுவதும் நின்ற பிறகு திறங்கள். திறந்த வாளி, கொதிக்கும் பால், திரை இல்லாத கண்ணாடி ஜன்னல் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டு வாங்கினால் உயரத்தைப் பார்க்காதீர்கள், நீளத்தைப் பாருங்கள். கிளி மேலே கீழே பறப்பதில்லை, பக்கவாட்டில்தான் பறக்கும். ஜோடிக்கு மூன்றடி நீளமாவது வேண்டும். பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டுக் கொய்யாக் கொம்போ வேப்பங்கொம்போ வையுங்கள், மெல்லியதும் தடித்ததுமாக. ஒரே தடிமனில் நின்று நின்று பாதத்தில் புண் வரும்.

இதைப் படித்துவிட்டு, லவ் பேர்ட்ஸ் வேண்டாம், பேசுகிற பச்சைக்கிளியே வாங்கிக்கொள்கிறோம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நம் நாட்டுக் கிளிகள் எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் விற்றாலும் வளர்த்தாலும் 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மீனாட்சியின் கையிலேயே கிளி இருக்கும் ஊர் எங்களுடையது. கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே கூண்டில் கிளிகள் இருந்தன. இப்போது இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது, கிளிகள் வெளியே பறக்கின்றன. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், கிராம் காட்டுவது. கிளிகள் நோயை மறைக்கும். கூட்டத்தில் தளர்ந்து தெரிகிற பறவையைத்தான் பருந்து தூக்கும் என்பதால் கடைசி வரை நன்றாக இருப்பது மாதிரியே காட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தராசை ஏமாற்ற அதற்குத் தெரியாது. வாரம் ஒருநாள் காலையில், சாப்பாடு வைக்கும் முன் ஒரு டப்பாவில் விட்டு எடை பார்த்து மகள் நோட்டில் எழுதுகிறாள். இப்போது எங்களிடம் இருக்கும் பெண் பறவை 36 கிராம். போன ஆடியில் 32க்கு வந்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை, கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கே கொண்டு போனோம், பிழைத்துக்கொண்டது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காதீர்கள். எச்சத்தின் நிறமும் தண்ணீர்த்தன்மையும் மாறினாலும் அப்படித்தான். எச்சத்தைச் சுத்தம் செய்யும்போது தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த எச்சத்தின் தூசியிலிருந்து மனிதருக்கும் கிளிக்காய்ச்சல் வரும்.

பறவை வாங்கும் முன் பறவை பார்க்கும் மருத்துவரைத் தேடி எண்ணை வாங்கி வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாட்டிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. என்றைக்குப் பறவைகளைப் பார்ப்பார்கள் என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்றைக்கே பானையை எடுக்கப் போகிறவர்கள் முதலில் உள்ளே எட்டிப் பாருங்கள். குஞ்சு இருந்தால் அது வெளியே வந்து தானாகத் தின்னப் பழகும் வரை விடுங்கள், ஐந்தாறு வாரம் ஆகும். முட்டை மட்டும் இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்து எறியாதீர்கள், ஈடுகட்ட மறுபடி வைக்கும். எடுத்து வேகவைத்து, ஆறிய பிறகு திரும்ப வைத்துவிடுங்கள். மூன்று வாரம்போல அடைகாத்துப் பார்த்து அதுவாகவே அலுத்து வெளியே வந்துவிடும். அன்றைக்குப் பானையைக் கழற்றுங்கள். எப்படிச் செய்வதென்று சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், ராத்திரி வேலை முடிந்ததும் எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன்.